தூப்புலும் தறிக்குழியும்

குறைந்த சாமான்களோடு வாழ்வது எப்படி என்பதைப் பற்றி இப்போது ஏராளமான புத்தகங்கள் வருகின்றன. ஒரு அலமாரி நிறைய வாங்கி அடுக்கலாம். பயணத்துக்கு ஒரே பை போதும், சுவரில் ஆணி அடிக்காதே, ஒன்றை வாங்கினால் ஒன்றைக் கொடுத்துவிடு என்கிற தோரணையில் உபதேசங்கள். ஜப்பானிய எழுத்தாளர் மாரி கோண்டோவின் புத்தகம் 2014ல் ஆங்கிலத்தில் வந்து உலகமெல்லாம் விற்றது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். உள்ளத்தில் மகிழ்ச்சி துள்ளினால் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் நன்றி சொல்லி வழியனுப்பிவிட வேண்டும் என்பது அவருடைய பரீட்சை. நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் இந்த மாதிரிப் புத்தகங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சின்ன காஞ்சிபுரம் ஞாபகத்துக்கு வந்து, படிப்பதைக் கெடுத்துவிடுகிறது.

இதே விஷயத்தை மிகச் சில சுலோகங்களில் சொன்ன ஒருவர் அந்தப் பக்கத்துக்காரர். வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது தூப்புல். அங்கே 1268ல் பிறந்தவர் வேதாந்த தேசிகர். விஜயநகரத்திலிருந்து வித்யாரண்யர், அரசவைக்கு வந்தால் செல்வமும் சௌகரியமும் கிடைக்கும் என்று ஆள் அனுப்பினாராம். அதற்குத் தேசிகர் அனுப்பிய பதில்தான் ‘வைராக்ய பஞ்சகம்’ என்பது பரம்பரையாக வருகிற செய்தி. பஞ்சகம் என்று பேர். அச்சில் பார்த்தால் சுலோகங்கள் ஆறு இருக்கும். வேண்டாம் என்று சொல்ல வந்தவரும் ஒன்று கூடுதலாகத்தான் கொடுத்திருக்கிறார்.

இதைப் பக்தர்கள் படிக்கிற விதம் வேறு. நான் ஒரு கதாசிரியனின் கண்ணோடுதான் படிக்கிறேன். அப்படிப் படிக்கும்போது முதலில் தெரிவது பணிவு அல்ல, கர்வம். பூமியில் ஒரு மூலையை ஆளுகிறவனிடம் போய் நிற்பதா என்கிற கர்வம். இரண்டாவதாகத் தெரிவது சொல்லின் மேல் இருக்கிற ஆசை. ‘அனல’ என்ற ஒலி ஓரிடத்தில் போதாது என்றும் மற்றோரிடத்தில் நெருப்பு என்றும் பொருள்படும்படி விளையாடுகிறார். தனம் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் ‘தனம்’ என்ற சொல்லையே அள்ளி அள்ளி இறைக்கிறார். பொருளில் சிக்கனம், சொல்லில் ஊதாரித்தனம்! ஒரு ஜோடிப் பாதுகையின் மேல் ஆயிரத்தெட்டு சுலோகம் பாடிய மனிதர் அல்லவா? எதுவும் வேண்டாதவர் இல்லை அவர். ஒன்றை மிக அதிகமாக வேண்டியவர். அதனால்தான் மற்றவை அவருக்குத் தாமாக உதிர்ந்துபோயின. கடைசி சுலோகத்தில் இது வெளிப்படையாகவே வந்துவிடுகிறது. தான் சம்பாதித்தது இல்லை, தகப்பனார் வைத்துப்போனதும் இல்லை, ஆனால் பாட்டன் சொத்து ஒன்று அத்திகிரி மேல் இருக்கிறது என்கிறார். பிரம்மாவின் வேள்வியில் தோன்றியவர் வரதர் என்பது தல புராணம். பிரம்மாதான் எல்லாருக்கும் பாட்டன். சொத்து இல்லை என்று கணக்குச் சொல்ல வந்தவர், வாரிசுரிமையை நிலைநாட்டிவிட்டுத்தான் பேனாவைக் கீழே வைக்கிறார். இந்தத் திருப்பத்துக்காகவே நான் இதை உயர்ந்த கவிதை என்று சொல்வேன். புதிய புத்தகங்களில் வீட்டைக் காலி செய்யச் சொல்லுகிறார்கள். காலியான பிறகு எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று சொல்லுவதில்லை.

அந்தப் பாட்டன் சொத்தான பெருமாள் மட்டும் எளிமைக்காரர் அல்ல என்பதை மரியாதையோடு குறிப்பிட வேண்டும். பட்டு, பீதாம்பரம், ஆபரணங்கள், வாகனங்கள், வைகாசி கருட சேவைக்குப் பெரிய பெரிய குடைகள். அவருக்கு முந்தைய மூர்த்தியான அத்தி வரதர்தான் நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை எழுந்து வந்து, 2019ல் வந்ததுபோல் நாற்பத்தெட்டு நாள் இருந்துவிட்டு, மறுபடி அனந்த சரஸ் குளத்துக்குள் போய்விடுகிறார்.

சரி, குறைவான சாமானோடு ஊரை விட்டுப் போன கதையும் அங்கேயே இருக்கிறது. திருவெஃகாவில், திருமழிசை ஆழ்வாரின் சீடன் கணிகண்ணனை அரசன் ஊரை விட்டு விரட்டினான். சீடன் போனால் நானும் போகிறேன் என்றார் ஆழ்வார். போகிற போக்கில் பெருமாளையும் கூப்பிட்டார். பெருமாள் படுத்திருந்த பாம்புப் படுக்கையைப் பாயாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்துவிட்டார். பாலாற்றங்கரையில் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிருக்கை ஆயிற்று. அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அழைத்துப் போனான். மொத்தச் சாமானும் ஒரு பாய்! ஆனால் சாமான் குறைவு என்பதை இந்தக் கதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. நண்பனுக்கு அநியாயம் நடந்தபோது உடனே எழுந்திருக்க முடிந்தது, அதுதான் விஷயம். ஒரே பையோடு விமானம் ஏறுவது எப்படி என்று சொல்கிறவர்கள், யாருக்காக ஏறுவது என்பதையும் ஒரு அத்தியாயம் எழுதினால் நான் வாங்கிப் படிப்பேன்.

இனித் தேசிகரிடமே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. வயிற்றுக்குச் சிந்திய தானியம் போதும், தாகத்துக்குக் குளத்து நீர் ஒரு கை போதும், உடுக்க வழியில் கிடக்கும் கந்தல் போதும் என்கிறார். தானியத்தை அரித்துப் பொங்கிப் போட்டது யார்? பிட்சையில் யாரோ தங்கக் காசுகளைக் கலந்து போட, இவை என்ன என்று மனைவி கேட்க, புழுக்கள் என்று சொல்லி அவர் ஒதுக்கிய கதை பிரசித்தம். அந்த அம்மாள் அன்று என்ன நினைத்தாள் என்று சுலோகத்திலும் இல்லை, கதையிலும் இல்லை. இன்னொன்று: அந்தக் கந்தலையும் ஒருவன் நெய்திருக்கிறான். நெசவாளர் ஊர்க்காரர் இதை மறந்திருக்க வேண்டாம்.

இந்தக் குறை தேசிகருக்கு மட்டும் உரியதல்ல. 1854ல் ‘வால்டன்’ எழுதிய தோரோ, தன் குடிலுக்கு ஆன செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று ஆணி வரையில் கணக்குப் போட்டார். கோடரி இரவல் என்பதை அவரே சொல்லியிருக்கிறார். குடில் நின்ற நிலம் நண்பர் எமர்சனுடையது. எளிமையாக வாழ்கிறவனுக்குப் பக்கத்தில் எப்போதும் எளிமையாக இல்லாத யாரோ ஒருவர் தேவைப்படுகிறார்.

சின்ன காஞ்சிபுரத்து நெசவாளி வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். நாற்காலி, மேஜை அதிகம் கிடையாது. கூடத்தின் நல்ல இடத்தைத் தறி பிடித்துக்கொண்டிருக்கும். குழிக்குள் காலை விட்டு மிதியை மிதித்தபடி அவர் உட்கார்ந்திருப்பார். உடலும் கரையும் வேறு வேறு நிறமாகக் கோர்வை போட்டு நெய்தால், மறு பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். பெரும்பாலும் வீட்டு ஆள்தான். பாவு நீட்ட வீடு போதாது, தெருவே வேண்டும். மழை பெய்து குழியில் ஈரம் கண்டால் வேலை நின்றுபோகும். மீதி இருக்கிற இடத்தில்தான் சமையல், தூக்கம், குழந்தைகளின் பாடம். புகைப்படம் எடுத்துப் போட்டால் எளிய வாழ்வின் அழகு என்று தலைப்புக் கொடுப்பார்கள். அது அழகுக்காகச் செய்த ஏற்பாடு அல்ல. வாங்க முடிந்தவன் வாங்காமல் இருப்பதும், முடியாதவன் வாங்காமல் இருப்பதும் படத்தில் ஒன்றுபோலத்தான் விழும்.

மாரி கோண்டோவின் பரீட்சை எல்லா வீட்டிலும் நடந்தால் முதலில் வெளியே போவது பீரோவில் கிடக்கும் முகூர்த்தப் புடவை. உடுத்துவது எப்போதோ ஒரு நாள். கையில் எடுத்தால் மகிழ்ச்சி துள்ளும் என்றும் சொல்ல முடியாது, கனம்தான் தெரியும். பழைய ஜரிகையை வெள்ளிக்காக எடை போட்டு வாங்க ஆள் இருக்கிறான். ஆனால் அந்தப் புடவைதான் காஞ்சிபுரத்துக்குச் சோறு. ஒரு நல்ல பட்டை வாங்கி, தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்து, கிழிகிற வரையில் வைத்திருப்பது பழைய சிக்கனம். அதில் நெய்தவனுக்கும் ஒரு பங்கு இருந்தது. ஒன்றுமே வேண்டாம் என்கிற புதிய சிக்கனத்தில் அவனுக்கு என்ன பங்கு என்று யாராவது கணக்குப் போட்டிருக்கிறார்களா?

பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்ட சில வீடுகளில் தறியைப் பிரித்துவிட்டார்கள். குழியை மண் கொட்டி மூடி, மேலே சிமெண்டு பூசி, வழவழப்பான ஓடு பதித்திருக்கிறார்கள். இப்போது கூடம் காலியாக, வெளிச்சமாக, மிகவும் சுத்தமாக இருக்கிறது.