பள்ளிவாசலில் ஒரு மஃரிப்: கத்தோலிக்கர் எப்படி ரசிப்பது?

ரெட்டிபாளையம் பக்கத்துக் கத்தோலிக்கர்களில் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவைத் தெரியாதவர் இருக்க முடியாது. அந்தக் கோயிலை எழுப்பிய வீரமாமுனிவர் (1680–1747), இஸ்லாமிய ஆட்சியாளர் சந்தா சாகிபிடம் பேசுவதற்காகவே உருதுவும் பாரசீகமும் படித்தார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். 2001 மே 6 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலுக்குள் காலணியைக் கழற்றிவிட்டுச் சென்றார். ஒரு திருத்தந்தை பள்ளிவாசலுக்குள் போனது அதுவே முதல்முறை. நாமும் போகலாம். எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

நேரம். சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகைக்குப் போங்கள். பகல்நேரத் தொழுகைகளான லுஹரிலும் அஸரிலும், தொழுகையை நடத்தும் இமாம் வாய்க்குள்ளேயே ஓதுவார். மஃரிபின் முதல் இரண்டு ரக்அத்களில் (தொழுகைச் சுற்றுகளில்) ஓதுவது காதில் விழும். பள்ளிவாசல் ஜமாஅத்தாரிடம், வரலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்கு எல்லாப் பள்ளிகளிலும் இடம் இருப்பதில்லை. தொழுபவருக்குக் குறுக்கே நடக்காதீர்கள்.

ஹவுள். இந்தத் தண்ணீர்த் தொட்டியருகே ஒளு செய்பவரை, அதாவது தொழுகைக்கு முன் உடம்பைக் கழுவுபவரைக் கவனியுங்கள். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, தலையில் ஈரக்கை, கடைசியில் பாதம் கணுக்கால் வரை என்று ஒழுங்காகப் போகும். கோயில் வாசலில் நாம் தீர்த்தத்தில் விரல் நனைத்துச் சிலுவை வரைவது திருமுழுக்கை நினைத்து. இவர்கள் உடம்பையே தொழுகைக்கு ஆயத்தப்படுத்துகிறார்கள்.

மிஹ்ராப். உள்ளே பீடமில்லை, சுரூபமில்லை, நற்கருணைப் பேழையில்லை. நம் கண் பழக்கத்தில் எதையோ தேடும். நம் பக்கத்துப் பள்ளிகளில் மேற்குச் சுவரில் வளைவான ஒரு மாடம் மட்டும் இருக்கும். அதற்குள் எதுவும் இல்லை. மக்கா இருக்கும் திசையை அது காட்டுகிறது. நாம் பேழைமுன் முழங்காலிடுவது ஆண்டவர் அங்கே இருக்கிறார் என்பதற்காக. இந்த வேறுபாட்டைப் பூசி மெழுக வேண்டாம். வெறுமையாக இருப்பதே அங்கே ஒரு விசுவாச அறிக்கை என்று புரிந்தால் அந்த மாடத்தின் அழகு தெரியும்.

சஜ்தா. தரையில் விழுந்து வணங்கும் நிலை இது. நெற்றியும் மூக்கும், இரு உள்ளங்கை, இரு முழங்கால், இரு பாதங்களின் விரல்நுனி எல்லாம் தரையில் படும். ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு முறை. மூன்று ரக்அத் மஃரிபில் ஆறு முறை. பெரிய வெள்ளியன்று குருவானவர் பீடத்தின்முன் முகங்குப்புற விழுவதைப் பார்த்துச் சிலிர்த்திருப்பீர்களே, அந்தத் தாழ்மை இங்கே சாதாரண மாலை வேளையில், கடை அடைத்துவிட்டு வந்தவரிடமும் காணக் கிடைக்கிறது. முன்வரிசை யாருக்கும் ஒதுக்கப்பட்டதல்ல. முதலில் வந்தவர் முதலில் நிற்கிறார்.

ஸலாம். முகத்தை வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்பி ஸலாம் (சமாதானம்) சொல்வதோடு தொழுகை முடிகிறது. நாம் நற்கருணை வாங்குவதற்கு முன் சமாதானம் பகிர்கிறோம். அவர்கள் அதைச் சொல்லித்தான் தொழுகையை விட்டு எழுகிறார்கள்.

முடிந்ததும் இமாமிடம் பேசுங்கள். குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மரியாளின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதே வேதம் இயேசுவை இறைமகனாக ஏற்பதில்லை. இரண்டையும் மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த பாஸ்கா இரவுக்கு அவர்களையும் அழையுங்கள். இருட்டில் புது நெருப்பு மூட்டுவது ஏன் என்று கேட்பார்கள். பதில் சொல்லும் அளவுக்கு நம் வழிபாட்டை முதலில் நாம் படித்திருக்க வேண்டும்.