கிறிஸ்துமஸ் படம் தமிழிலும் உண்டு

டிசம்பர் பிறந்துவிட்டால் ஒரு பேச்சு தவறாமல் கிளம்புகிறது. தமிழில் கிறிஸ்துமஸ் படமே கிடையாதாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் படம் இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு மட்டும் ‘ஹோம் அலோன்’தான் கதியாம். பண்டிகைக் காலப் பட்டியல் போடுகிறவர்கள் இதை முடிந்த முடிவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பேச்சில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. தீபாவளிப் படம் என்று நாம் சொல்வது தீபாவளியன்று திரைக்கு வரும் படத்தை. தீபாவளியைப் பற்றிய படத்தை அல்ல. வெளியீட்டுத் தேதிக்குச் சூட்டிய பெயரை ஒரு கதைவகையின் பெயராக எண்ணி ஒப்பிடுவது முதல் பிழை. பனியும் புகைபோக்கியும் ஊசியிலை மரமும் இருந்தால்தான் கிறிஸ்துமஸ் என்று நம்புவது இரண்டாவது. ஜொகூர் பாருவின் பேரங்காடிகளுக்குள் பஞ்சில் செய்த பனி கொட்டிக் கிடக்கும் அதே வாரங்களில், வெளியே வடகிழக்குப் பருவமழை ஆறுகளை நிரப்பிக்கொண்டிருக்கும். பனியைத் தேடும் கண்ணுக்குத் தமிழ்ப் படம் தட்டுப்படாதது வியப்பில்லை.

கிறிஸ்துமஸ் படத்துக்கு என் அளவுகோல் எளியது. பாத்திரங்கள் கிறிஸ்தவர்களாக இருப்பது போதாது; இயேசு திரையில் தோன்றுவதும் தேவையில்லை. ஒருவர் வருவார் என்று இன்னொருவர் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு அந்த நாள் கெடுவாக அமைய வேண்டும். தேவாலயங்கள் பண்டிகைக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைத் திருவருகைக் காலமாகக் கடைப்பிடிப்பதும் இதே உணர்வில்தான். இந்த அளவுகோலோடு தமிழ்ப் படங்களைப் பார்த்தால் படம் இல்லாமை நம் குறையல்ல, இருப்பதைப் பேணாமையே குறை என்பது தெரியவரும்.

தொடக்கக் காலத்தை விரைந்து கடக்கலாம். 1948இல் சிட்டாடலும் ஜெமினியும் போட்டி போட்டு எடுத்த இரண்டு ‘ஞானசௌந்தரி’களில் சிட்டாடலுடையது வென்றது, மாதா வணக்கப் பாடல் ஒன்று தமிழ்ச் செவிகளில் நிலைத்தது. 1955இன் ‘மிஸ்ஸியம்மா’ இன்றும் இனிக்கிற படம். ஆனால் சாவித்திரியின் மேரி கடைசியில் காணாமற்போன ஜமீன்தார் மகள் மகாலட்சுமியாக மாறிவிடுகிறாள். அவள் கிறிஸ்தவம் கதை முடிந்ததும் கழற்றி வைக்கப்படும் வேடமாகிறது. ‘அன்னை வேளாங்கண்ணி’ (1971) புதுமைகளின் தொகுப்பு. ‘ஞான ஒளி’ (1972) சிவாஜியின் ஆண்டனியால் மட்டுமே நிற்கிறது. பீம்சிங் இயக்கிய தெலுங்கு ‘கருணாமயுடு’ (1978) தமிழில் ‘கருணாமூர்த்தி’யாக வந்து ஊர் ஊராகத் திரையிடப்பட்டது, அதன் பணி வேறு, அதைக் கலைத் தராசில் நிறுத்துவது நியாயமில்லை. பாரதிராஜா ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981), ‘கடலோரக் கவிதைகள்’ (1986) இரண்டிலும் முட்டம் கடற்கரையையும் அதன் சிலுவைகளையும் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தார். பின்னால் வந்த கடலோரப் படங்கள் அத்தனைக்கும் அவர் கடன் கொடுத்தவர். ஆனாலும் அவர் கதைகளில் மதம் காதலுக்குக் குறுக்கே நிற்கும் சுவர். அந்தச் சுவருக்குள் மனிதர்கள் எதற்காக மண்டியிடுகிறார்கள் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. ‘மின்சார கனவு’ (1997) கன்னியாஸ்திரீ ஆக விரும்பும் பெண்ணைப் பற்றிய கதை. அதில் அனுராதா ஸ்ரீராம் பாடிய கிறிஸ்து பிறப்புப் பாடல் ஒன்று, தன்னைச் சுற்றியிருக்கும் படத்தைவிடப் பல மடங்கு உயரத்தில் நிற்கிறது.

இனி நான் நின்று பேச விரும்பும் படம். எஸ்.பி. ஜனநாதனின் முதல் படமான ‘இயற்கை’ 2003 நவம்பரில் வெளியானது; அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. விருதுக்குப் பிறகு அது பேச்சிலிருந்து நழுவிவிட்டது. ‘ஈ’, ‘பேராண்மை’, ‘புறம்போக்கு’ என்று அரசியல் படங்களின் இயக்குநராக அறியப்பட்ட ஜனநாதன் 2021இல் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில்கூட, இது அவர் கொள்கை கைகூடுவதற்கு முன் எடுத்த மென்மையான காதல் படம் என்ற தொனியே மிகுந்திருந்தது. அந்தத் தொனி அநீதியானது. கப்பலிலேயே வாழ்ந்து நிலத்துக்கு ஏங்கும் மருது, கடலோடு போய்விட்ட கேப்டனுக்காகத் துறைமுக ஊரில் காத்திருக்கும் நான்சி, இருவருக்கும் நடுவே அந்த வராத மனிதன். கதையின் வித்து தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ (1848) என்பது தெரிந்த செய்தி. விஸ்கோந்தி 1957இலும் பிரெஸ்ஸோன் 1971இலும் பன்சாலி 2007இலும் அதே வித்தை விதைத்தார்கள். ஆனால் தஸ்தயேவ்ஸ்கியின் இரவுகள் பீட்டர்ஸ்பர்க்கின் கோடை இரவுகள். அங்கே கிறிஸ்துமஸ் இல்லை. கதையின் முடிச்சைக் கிறிஸ்துமஸ் வேளைக்கு நகர்த்தியது ஜனநாதனின் சொந்தத் தேர்வு. பொதுவுடைமைக் கொள்கை கொண்ட ஒருவர், ரஷ்யக் கதை ஒன்றைத் தமிழ்க் கடற்கரைக்குக் கொண்டுவரும்போது அந்தப் பண்டிகையைக் கேட்டு வாங்கியிருக்கிறார் என்றால் அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

அந்தத் தேர்வு படத்துக்குத் தந்தது என்ன என்று பாருங்கள். நான்சியின் காத்திருப்பு நமக்குப் பிடிவாதமாகவோ பேதைமையாகவோ தோன்றியிருக்கக்கூடும். அவளைச் சுற்றி மொத்த ஊரும் ஒரு வருகையை நம்பி விளக்கேற்றும்போது அந்தக் காத்திருப்புக்கு ஒரு கௌரவம் வந்துவிடுகிறது. மருதுவின் பக்கம் அவள் மனம் சாயும் நேரத்தில் கேப்டன் திரும்பி வருகிறான். ஒரே வருகை ஒருத்திக்கு வரமாகவும் இன்னொருவனுக்கு இழப்பாகவும் அமைகிறது. மருது அவளைப் பழிப்பதில்லை, கடலுக்கே திரும்புகிறான். அன்பு என்பதைப் பெற்றுக்கொள்வதாக அல்லாமல் விட்டுக்கொடுப்பதாகக் காட்டிய இந்த முடிவை, உலகம் கொண்டாடும் கிறிஸ்துமஸ் படங்களில் மிகச் சிலவே எட்டியிருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடிக்காத கிறிஸ்துமஸ் படத்தை இங்கேதான் சொல்ல வேண்டும். அதே 2003 நவம்பரில் வெளியான ‘லவ் ஆக்சுவலி’. ஹீத்ரோ விமான நிலைய வருகைக் கூடத்தில் தொடங்கி அங்கேயே முடியும் அந்தப் படத்திலும் கிறிஸ்துமஸ்தான் கெடு. ஆனால் அங்கே பண்டிகை ஓர் அனுமதிச் சீட்டு. நண்பனின் புது மனைவியிடம் அட்டைகளில் எழுதிக் காதல் சொல்கிறவனுக்கும், ஊழியர் மேல் கண் வைக்கும் பிரதமருக்கும் அந்த ஒரு நாள் எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறது. எம்மா தாம்சன் படுக்கையறையில் தனியே நின்று கண்ணீரைத் துடைத்துக்கொள்ளும் காட்சி மட்டும் உண்மையானது; படமே அதைக் கண்டு கூசியதுபோல் விரைந்து நகர்ந்துவிடுகிறது. ஆசைப்பட்டது கிடைப்பதே கிறிஸ்துமஸ் என்று அந்தப் படம் இரண்டு தலைமுறைகளுக்குக் கற்பித்திருக்கிறது. ஆசைப்பட்டது கிடைக்காமலும் ஒருவன் நல்லவனாக இருக்க முடியும் என்று அதே மாதத்தில் தமிழில் ஒரு படம் சொன்னது, தமிழர்களுக்கே நினைவில்லை.

‘இயற்கை’க்கு உறவு சொல்லத்தக்க படம் சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’ (2012). இருபத்தைந்து ஆண்டுகளாகக் கடலைப் பார்த்துக் கணவனுக்காகக் காத்திருப்பதாக ஊர் நம்பும் எஸ்தர், உண்மையில் அவன் உடலை வீட்டுக்குள்ளேயே புதைத்து வைத்திருக்கிறாள். சுடப்பட்டுச் சாகும் மீனவர்களின் அரசியலைக் காத்திருப்பின் வழியே சொன்ன அந்தப் படத்தில் ஜெபம் அலங்காரமாக வரவில்லை. அடுத்த ஆண்டே வந்த மணிரத்னத்தின் ‘கடல்’ இதற்கு நேரெதிர். பாதிரியார் ஒருபுறம், தன்னைச் சாத்தான் என்றே அறிவித்துக்கொள்பவன் மறுபுறம், நடுவே புயல். எல்லாம் விளக்கப்பட்டுவிடுவதால் நம்புவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஸ்ரீராம் ராகவனின் ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ (2024) கைத்தேர்ச்சி மிக்க படம். பழைய பம்பாயில் ஒரு கிறிஸ்துமஸ் முன்னிரவு, வெகுகாலம் கழித்து வீடு திரும்பும் ஒருவன், வீட்டுக்குள் ஒரு பிணம். தமிழுக்கென்று துணை நடிகர்களை மாற்றித் தனியே படமாக்கியது பாராட்டத்தக்க உழைப்பு. வார்த்தையே இல்லாத அதன் இறுதிக் காட்சியில் ஆல்பர்ட் செய்யும் தியாகம் மருதுவுக்கு அருகில் வருகிறது. என்றாலும் அந்த இரவு ஒரு பிரெஞ்சு நாவலிலிருந்து பம்பாய் வழியாக வந்தது. தமிழ் மண்ணில் கால் ஊன்றவில்லை. அதைத் திரையிட்ட தேதியோ ஜனவரி 12, பொங்கலுக்கு!

‘இயற்கை’யில் கிறிஸ்துமஸ் முடிவில்தானே வருகிறது, அதை எப்படிக் கிறிஸ்துமஸ் படம் என்பது என்று கேட்கலாம். ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ (1946) ஒரு மனிதனின் வாழ்நாள் கதை. கிறிஸ்துமஸ் முன்னிரவு அதன் நெருக்கடி மட்டுமே. வெளியானபோது அது வசூலில் தோற்றது. 1974இல் அதன் காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போகவே, அமெரிக்கத் தொலைக்காட்சிகள் டிசம்பர் தோறும் செலவின்றி அதை ஒளிபரப்பின. அப்படித்தான் அது பண்டிகைப் படம் ஆனது. திரும்பத் திரும்பப் பார்ப்பதாலும் ஒரு படத்துக்கு அந்தத் தகுதி வருகிறது. சோகமாக முடிவது பண்டிகைக்கு ஆகுமா என்பது இன்னொரு கேள்வி. அந்த அமெரிக்கப் படத்தின் நாயகன் பாலத்தில் தற்கொலைக்கு நிற்பவன். கிறிஸ்து பிறந்த கதையிலேயே சத்திரத்தில் இடமில்லை, ஏரோதின் வாள் இருக்கிறது.

இயேசுவின் வாழ்வைச் சொல்லும் படமே உண்மையான கிறிஸ்துமஸ் படம் என்போரின் கருத்தை மதிக்கிறேன். மலேசியாவில் அந்த வாதத்துக்கு ஒரு நடைமுறை எல்லை உண்டு. 2004இல் ‘தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்’ இங்கே கிறிஸ்தவர்களுக்கு மட்டும், தேவாலயங்கள் வழியாக நுழைவுச்சீட்டு தந்து, காட்டப்பட்டது. 2014இல் ‘நோவா’ தடை செய்யப்பட்டது. ஆகவே வேதப் படம் இந்நாட்டில் ஒரு சமூகத்தின் சுவருக்குள் நின்றுவிடும். நம் கிறிஸ்துமஸோ அப்படிப்பட்டதல்ல. திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் இந்துவும் முஸ்லிமும் சீனரும் இல்லாமல் அது நிறைவதில்லை. காத்திருப்பைப் பற்றிய படம் அந்த விருந்தாளிகள் எல்லாருக்கும் புரியும்.

அந்தப் படத்துக்கான கதை ஜொகூரிலேயே இருக்கிறது. 2014 தொடங்கி 2024 முடியும்வரை இந்த மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. ஞாயிறு ஆராதனை வேலைநாளில் நடந்தது. 2006 டிசம்பர் வெள்ளம் கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் மூழ்கடித்தபோது பலருடைய கிறிஸ்துமஸ் தற்காலிக நிவாரண மையங்களில் கழிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக 2020. மார்ச் 18இல் எல்லை மூடப்பட்டபின், சிங்கப்பூரில் வேலை செய்த ஜொகூர்வாசிகள் பலர் தனிமைப்படுத்தலுக்கு உட்படாமல் வீடு வந்துபோக வழியின்றி அங்கேயே தங்கினார்கள். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளப் பாலத்தின் இரு கரைகளிலும் குடும்பங்கள் அந்தக் கிறிஸ்துமஸைப் பிரிந்தே கழித்தன. நான்சியின் கடலைவிட இந்த நீரிணை எத்தனையோ சிறியது, எதிர்க்கரை விளக்குகள் கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் வர முடியாது. சந்தை சிறியது என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். தோட்டத்திலிருந்து பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை மட்டும் வைத்து எடுத்த சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015), மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதையே வாங்கியது. தன் சிறிய இடத்தை உண்மையாகச் சொன்னதுதான் அதன் பலம். நம் இயக்குநர்கள் ஜொகூர்ப் பாலத்தின் அந்த டிசம்பரை எடுக்க வேண்டும். அது திரைக்கு வரும்வரை, அஸ்ட்ரோ வானவில்லும் ஆர்டிஎம்மும் டிசம்பர் 24 இரவுக்கு ‘இயற்கை’யை ஒதுக்கி, ஆண்டுதோறும் அதே நேரத்தில் ஒளிபரப்பட்டும்.