முதலில் குடியை விட்டு வா

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் ஆலைப் பிரதேசத்தில், ஒரு வாரம் பகலும் மறு வாரம் இரவுமாக உழைத்து உறக்கத்தின் ஒழுங்கையே இழந்த ஓர் இளைஞன், நைட் ஷிப்ட் முடிந்த காலையில் கண்ணயர்வதற்காகக் குவார்ட்டர் ஒன்றைத் துணைகொள்ளத் தொடங்கி, நாளடைவில் அதுவின்றி இருக்க இயலாதவனாகி, நெஞ்சுப் படபடப்போடும் வாழ்வில் வெறுப்போடும் வைத்தியரை நாடும்போது, பல இடங்களிலும் அவன் கேட்க நேரும் விடை ஒன்றுண்டு: "முதலில் குடியை விட்டு வா, மனசை அப்புறம் பார்க்கலாம்." மனநோயும் போதை அடிமைத்தனமும் ஒரே மனிதனிடம் சேர்ந்து வாழ்வது மிகச் சாதாரணமாதலின், இவ்விடையின் நியாயத்தைச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமாகிறது.

இது வெறும் அலட்சியத்தில் பிறந்த விடையன்று. மதுவே மனச்சோர்வை உண்டாக்க வல்லது. குடியை நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பலரது சோர்வு தானாகவே தணிந்துவிடுவதால், பொறுத்திருந்து நோயை நிர்ணயிப்பது விவேகமே. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில தினங்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றி உயிருக்கே அபாயம் நேரக்கூடுமாகையால், அந்நாட்களைக் கடத்துவதே வைத்தியரின் முதற் கடமையுமாகும். குடியை ஒழுக்கக்கேடாகவே சமூகம் கருதிவந்த காலத்தில், 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி. டி. ரங்கநாதன் ஆய்வு நிலையம் அதனை நோயாகக் கொண்டு தனிச் சிகிச்சை அளிக்க முற்பட்டது எத்தனையோ குடும்பங்களுக்குச் செய்த உபகாரம்.

ஆனால், பொறுத்திரு என்பது வேறு, போய்விட்டு வா என்பது வேறு. குடிக்கு முன்பே அச்சமோ துயரமோ குடிகொண்டிருந்தவனுக்கு, மது நீங்கியதும் பழைய வேதனையே முழு வேகத்தோடு திரும்புகிறது. கவனிப்பாரின்றி அதனைத் தாங்கமாட்டாமல் அவன் மறுபடியும் குடித்தால் மனவுறுதி அற்றவன் என்ற பட்டமும் சேர்கிறது. தற்கொலை எண்ணமும் இத்தகைய நாட்களில் தலைதூக்கக்கூடும். குடிவெறுப்புக்குத் தரப்படும் டைசல்ஃபிராம் மாத்திரை, மறைந்திருக்கும் மனப்பிறழ்வை வெளிப்படுத்திவிடவும் கூடும்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்துக்கொண்டது. நிர்வாகமோ இன்னும் பிளவுண்டே நிற்கிறது: மனநலத் திட்டம் சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு, போதை மீட்பு மையங்கள் பலவற்றுக்கு மானியம் தருவது சமூகநீதி அமைச்சகம். 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகக் கூறியது. அந்த ஒருவரையும் இரண்டு வாசல்களுக்கு அலைக்கழிப்பது எவ்வகையில் தகும்?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் ஆலைப் பிரதேசத்தில் மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளக்காரருக்கு ஆதாரமாயிருப்பது இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. அதன் நீடித்த நோய்க்கால உதவி 80 சதவீத ஊதியத்தை இரண்டாண்டு வரை தருகிறது. அதற்குரிய 34 நோய்களின் பட்டியலில் மனப்பிறழ்வும் கடும் மனச்சோர்வும் உண்டு, நீர்கோத்த கல்லீரல் சுருக்கமும் உண்டு. குடி அடிமைத்தனம் மட்டும் இல்லை. அதாவது, ஈரல் கெட்ட பிறகு கிடைக்கும் ஆதரவு, அது கெடாமல் காக்கும் வாரங்களுக்குக் கிடைப்பதில்லை. தொடர்ந்து இரண்டாண்டு வேலையில் இருந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையோ, ஒப்பந்தம் மாறி மாறி ஆலைவிட்டு ஆலை செல்கையில் இடையில் வேலையின்றி நிற்கும் தொழிலாளியை மனநோய்க்கான உதவியிலிருந்தும் விலக்கிவிடக்கூடும்.

2025-இல் தமிழக அரசு 25 இடங்களில் 'கலங்கரை' என்னும் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது வரவேற்கத்தக்கது. எனினும், கூலியை இழந்து அம்மையங்களுக்கு அடிக்கடி பயணம் செய்ய இயலாதவனுக்குச் சிகிச்சை ஷிப்ட் நேரத்தோடு ஒத்துப்போகவேண்டும். ஆகவே, குடியையும் மனத்தையும் ஒருங்கே கவனிக்கும் மனநல மருத்துவர் ஒருவரை இப்பகுதியின் இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் மாலை வேளைகளிலும் அமர்த்துவதையும், குடி அடிமைத்தனத்தை நீடித்த நோய்க்கால உதவிக்குரிய பட்டியலில் சேர்ப்பதையும், சம்பள உயர்வுக்குக் காட்டும் அதே சிரத்தையோடு தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைகளில் முன்வைக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.