குகையும் கயிறும்

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாழ்வோர்க்கு மேற்கு வானத்தின் எல்லை மலைதான். விடுமுறை வந்தால் நம் பிள்ளைகளின் கால்கள் செண்பகத்தோப்பையும் அய்யனார் அருவியையும் நாடித் தாமே நடக்கின்றன. அதே மலைத்தொடரில் 2015 மே மாதம் சதுரகிரியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் யாத்திரிகர் சிலரின் உயிரைக் கொண்டுபோயிற்று. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ, மலையேறச் சென்றோரில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஆகவே மலைக்குப் போன நண்பர்களைப் பற்றிய ஒரு படத்தை வெறும் பொழுதுபோக்காகக் காண எம்மால் இயலவில்லை.

யாம் கூறுவது, சிதம்பரம் இயக்கி 2024 பிப்ரவரியில் வெளிவந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படத்தை. மொழிமாற்றம் இன்றியே தமிழகத்துத் திரையரங்குகள் அதற்கு நிறைந்தன. கதை 2006இல் உண்மையில் நிகழ்ந்தது. கொச்சியை அடுத்த மஞ்ஞும்மலிலிருந்து கொடைக்கானலுக்கு வந்த இளைஞர்கள், தடுப்பைத் தாண்டிக் குணா குகைப் பகுதியில் நுழைகின்றனர். சுபாஷ் என்பவன் ஒரு பாறைப் பிளவில் விழுந்து மறைகிறான்.

'பிசாசின் சமையலறை' என்று பெயர் பெற்றிருந்த அவ்விடத்தில் இயக்குநர் பிசாசு எதையும் காட்டவில்லை. அச்சமெல்லாம் குரலில் இருக்கிறது. மேலிருந்து அழைக்கும் நண்பர்களின் குரல் கீழே சென்று மாய்கிறது, விடை இல்லை. குகையின் உட்புறம் கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி அமைத்த அரங்கம் என்பதை அறிந்த பின்னும் எம் நெஞ்சு படபடத்தது. மழை பெய்து, வெள்ளம் குழியை நோக்கி ஓடும்போது, நண்பர்கள் தரையில் படுத்துத் தம் உடல்களாலேயே அதைத் தடுக்க முயலும் காட்சி ஒன்றே இப்படத்துக்குப் போதும்.

குகை என்றதும் முஸ்லிம் வாசகரின் உள்ளத்தில் எழும் ஹதீது ஒன்றுண்டு. குகையில் ஒதுங்கிய மூவரைப் பாறை அடைத்துக்கொள்ள, ஒவ்வொருவரும் அல்லாஹ்வுக்காகச் செய்த ஒரு நற்செயலை முன்வைத்து துஆ கேட்க, பாறை சிறிது சிறிதாக விலகிய வரலாறு அது. பெற்றோருக்குப் பால் கொடுக்கக் காத்து நின்றது அவற்றுள் ஒன்று. சுபாஷின் நண்பர்களிடம் முன்வைக்க என்ன இருந்தது? மதுவும் கூச்சலும்தானே என்பார் கேட்பர். எழுத்தாளர் ஜெயமோகன் ஏறக்குறைய அதையே கேட்டுப் படத்தைச் சாடினார். அவர் சினத்தில் நியாயம் உண்டு. குடியை இயல்பான விளையாட்டாக இப்படம் காட்டுவதை யாமும் ஏற்கோம். பிள்ளைகளோடு பார்க்கும் தாய் தகப்பன்மார் அவ்விடத்தில் வாய்மூடி இருத்தல் ஆகாது.

எனினும் குடித்தவன் என்பதற்காக அவன் செய்த தியாகத்தைச் செய்யாதது ஆக்கிவிட முடியுமா? பயிற்சி பெற்றோரே தயங்கிய குழியில் குட்டன் இறங்குகிறான். உண்மையில் இறங்கியவருக்கு மத்திய அரசு ஜீவன் ரக்ஷா பதக்கம் அளித்தது. நபி யூசுஃப் (அலை) அவர்களைக் கிணற்றில் இட்டவர்கள் உடன்பிறந்தோர். இங்கே குழிக்குள் இறங்கியவனோ உறவு அற்றவன். தொடக்கத்தில் வடமிழுக்கும் போட்டியை ஏன் அவ்வளவு நேரம் காட்டினார்கள் என்று சலித்த யாம், எல்லாக் கைகளும் ஒரே கயிற்றைப் பற்றி இழுக்கும்போது நாணினோம்.

குறை இல்லாமல் இல்லை. இளமைக்கால நினைவுகள் இடையிடையே வந்து இருளின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. அவற்றுள் பாதி போதும். உதவி கேட்டு வந்தோரைக் காவலர் அடிப்பதும் நீண்டுவிட்டது. 'குணா' படப் பாடலை உச்சக்கட்டத்தில் ஒலிக்கவிட்டது மட்டும் கேட்டுத் தேய்ந்த செவியிலும் புதிதாய் விழுந்தது; அது இளையராஜாவின் பேறு.

எம்மை நெடுநேரம் உறங்கவிடாதது வேறொன்று. ஊர் திரும்பிய நண்பர்கள் நடந்ததை வீட்டாரிடம் மறைக்கின்றனர். பாறைக்குள் இறங்க அஞ்சாதவர்கள் பெற்றோரின் முகத்துக்கு அஞ்சுகின்றனர். சதுரகிரிப் பக்கம் போய்வந்த நம் பிள்ளைகள் 'நண்பன் வீட்டில் இருந்தேன்' என்கிறார்களே, அந்தச் சொல்லும் இதே அச்சத்தில் பிறந்ததுதான். அவர்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றிரவு நாம் என்ன செய்திருப்போம் என்று, படம் முடிந்து வீடு வரும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தோம்.