கூற்றும் கருவியும்: கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் உரையாடல் தெரிவு

முன்னுரை

கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளின் கதை, உலகப் படைப்பு ஆகியவற்றைத் திறனாய்வு பேசும் அளவிற்கு, அவற்றை இயக்கும் விசைப்பலகையையும் சுட்டியையும் பேசுவதில்லை. கட்டுப்பாட்டின் குறைபாடு பொறியியல் சார்ந்த சிறு இடையூறாகவே ஒதுக்கப்படுகிறது. ஆயின், விளையாடுநர் ஒரு கதைமாந்தராக நின்று பேசவும் முடிவெடுக்கவும் வேண்டிய இவ்வகை விளையாட்டில் கட்டுப்பாடும் பனுவலின் ஓர் உறுப்பே ஆகும். உரையாடல் தெரிவை மட்டும் சான்றாகக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கூற்றுக்கு உரியவர்

தொல்காப்பியச் செய்யுளியல் கூற்றைச் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாக வைக்கிறது. யார் கூற்று என்பது தெளிந்தாலன்றி அகப்பாடலின் பொருள் முழுமையாக விளங்குவதில்லை. பாத்திரமேற்பு விளையாட்டில் கூற்று இருவருக்கு உரியது: சொல்பவர் கதைமாந்தர், தேர்பவர் விளையாடுநர். இவ்விருவரையும் இணைப்பது கையிலுள்ள கருவியே. 1997இல் வெளிவந்த ‘ஃபால்அவுட்’ விடைகளை முழு வாக்கியங்களாகப் பட்டியலிட்டது. சுட்டியால் சொடுக்கிய வாக்கியமே கதைமாந்தரின் கூற்றாயிற்று. அறிவுத்திறன் மிகக் குறைந்த மாந்தரை உருவாக்கியவருக்குக் குழறலான விடைகளே வழங்கப்பட்டன. படித்தல், எடைபோடுதல், தேர்தல் ஆகிய மூன்றும் அக்கருவியின் இயல்போடு பொருந்தி நின்றன.

கூற்றின் பிறழ்வும் சுருக்கமும்

2011இல் கணினிக்கும் கன்சோல்களுக்கும் ஒருங்கே வெளிவந்த ‘ஸ்கைரிம்’ இப்பொருத்தத்தை இழந்தது. அதன் பட்டியல்கள் மேலும் கீழும் நகர்த்தித் தேரும் கைப்பிடிக் கட்டுப்படுத்திக்கே ஏற்றவை. கணினியில் சுட்டுக்குறி ஒரு வரியின்மீது இருக்க, ஒளியூட்டப்பட்ட வரி வேறாக இருப்பதும், சொடுக்கியதும் எண்ணாத விடை வெளிப்படுவதும் விளையாடுநர் பலர் அறிந்தவை. போரில் ஒரு விசை பிழைத்தால் இழப்பது ஓர் அடி. உரையாடலில் பிழைத்தால் கதைமாந்தர் தமக்குரியதல்லாத சொல்லைச் சொல்லிவிடுகிறார். இதனைத் திருத்தும் மாற்றநிரல்களை விளையாடுநரே இயற்ற நேர்ந்தது.

அதே நிறுவனம் 2015இல் வெளியிட்ட ‘ஃபால்அவுட் 4’இல் சிக்கல் மேலும் ஆழமானது. ஒவ்வொரு உரையாடல் தருணத்திலும் விடைகள் நான்காக வரையறுக்கப்பட்டு, கைப்பிடியின் நான்கு பொத்தான்களை ஒத்த வடிவில் அடுக்கப்பட்டன. முழு வாக்கியத்தின் இடத்தில் ஓரிரு சொற்களே நின்றன. ‘கிண்டல்’ என்னும் பொருள்படும் ஒற்றைச் சொல்லைத் தேர்பவர், கதைமாந்தர் உண்மையில் என்ன சொல்லப்போகிறார் என்பதை அறியார். முதன்மை மாந்தருக்குக் குரல் கொடுக்கப்பட்டதும் இச்சுருக்கத்திற்கு ஒரு காரணமாகலாம். எனினும் இரு குறைகளும் ஒரு தன்மையன அல்ல. முன்னது எழுதப்பட்ட கூற்றைப் பிறழச் செய்தது. நிரல் திருத்தத்தால் அது தீரும். பின்னதிலோ கருவியின் வடிவம் எழுத்திற்குள்ளேயே புகுந்துவிட்டது. முழு வாக்கியத்தைக் காட்டும் மாற்றநிரலும், எழுதப்படாத ஐந்தாவது விடையைத் தர இயலாது.

மறுப்பும் விடையும்

பல கருவிகளுக்கு ஒருசேர உருவாக்கும்போது இத்தகைய இழப்பு தவிர்க்கவியலாதது என வாதிடலாம். 2023இல் முழுமையாக வெளிவந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ இவ்வாதத்தை வலுவிழக்கச் செய்கிறது. சுட்டிக்கு ஓர் இடைமுகமும் கைப்பிடிக்கு வேறோர் இடைமுகமும் அதில் உண்டு. விடைகள் இரண்டிலும் முழு வரிகளாகவே நிற்கின்றன. எனவே குறை கருவிகள் பலவாதலில் இல்லை. ஒன்றன் வடிவத்தை மற்றொன்றன்மீது சுமத்துவதிலேயே உள்ளது.

முடிவுரை

ஒரு பாடலை ஆராய்பவர் எப்பதிப்பின் பாடத்தைக் கொண்டார் எனக் குறிப்பது ஆய்வு மரபு. விளையாட்டுத் திறனாய்விலும் எக்கருவியால், எந்த மாற்றநிரலுடன் விளையாடப்பட்டது என்பது குறிக்கப்பட வேண்டும். அக்குறிப்பு இல்லாதவிடத்து, விளையாடுநரின் தெரிவு எனத் திறனாய்வாளர் பொருள்கொள்வது சுட்டியின் பிழையாகவும் இருக்கக்கூடும்.