கசப்பை எடுப்பதும் மறைப்பதும்

பாகற்காயை வில்லை வில்லையாக நறுக்கி, உப்பும் மஞ்சள்தூளும் பிசறி, அரை மணி கழித்து ஒட்டப் பிழிந்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள் சிலர். சிலர் பிழியாமல் புளித்தண்ணீரிலேயே வேகவிட்டு, துவரம்பருப்பும் வறுத்தரைத்த தேங்காயும் கூட்டி, கடைசியில் ஒரு துண்டு வெல்லம் போட்டுப் பிட்லையாக இறக்குவார்கள். முன்னதில் கசப்பில் ஒரு பகுதி உண்மையாகவே காயை விட்டு வெளியேறுகிறது. பின்னதில் கசப்பு முழுக்க இலைக்கு வந்துவிடுகிறது, நாக்குக்குத்தான் எட்டுவதில்லை. கைவைத்தியம் சொல்பவர்களும் சமையல் குறிப்பு எழுதுபவர்களும் இந்த இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். இதில் வரும் நன்மை தீமை எல்லாம் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இருக்கிறது.

பிழிவதை எடுத்துக்கொள்வோம். வறுவலுக்கு என்றால் தாராளமாகப் பிழியலாம், காய் மொறுமொறுவென்றும் வரும். ஆனால் ‘சர்க்கரைக்கு நல்லது’ என்று பாகற்காய் வாங்கி வந்தவர் எதற்காகப் பிழிகிறார்? காயின் கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டேன் வகைச் சேர்மங்களைத்தான் ஆய்வுக்கூடங்களில் சர்க்கரை நோய்க்கும் சோதித்துப் பார்க்கிறார்கள். கூடவே வைட்டமின் சி, பொட்டாசியம் போன்ற நீரில் கரையும் சத்துகளும் அந்தப் பச்சைத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகின்றன. (பாகற்காய் சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் போதிய சான்று இல்லை என்று 2012இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு சொன்னது வேறு கதை.) மருந்தென்று நம்பினால் பிழியக் கூடாது, காயென்று தின்றால் பிழியலாம். நம் வீடுகளில் மருந்தென்று நம்பியே பிழிகிறோம்.

மறைப்பதில் உப்புக்கு நிகரில்லை. கசப்பை உணர மனித நாக்கில் சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன, இனிப்புக்கோ ஏறத்தாழ ஒன்றுதான். அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பிரெஸ்லினும் போஷாம்பும் 1997இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கசப்பும் இனிப்பும் கலந்த கரைசலில் சோடியம் உப்பைச் சேர்த்தபோது கசப்பு தணிந்தது. அதோடு, கசப்பின் கீழ் அமுங்கிக் கிடந்த இனிப்பும் மேலே வந்தது. பிட்லையில் அவ்வளவு குறைந்த வெல்லம் எப்படிப் போதுகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. காப்பியிலும் அப்படித்தான், டிகாக்‌ஷன் கடுத்துவிட்டால் இன்னொரு கரண்டி சர்க்கரை போடுவதைவிட இரண்டு கல் உப்பு போடுவது மேல்.

எண்ணெயும் பாலும் வேறு வழியில் வேலை செய்கின்றன. கசப்புப் பொருள்கள் பலவும் கொழுப்பில் கரைபவை. தேங்காய்ப்பாலிலோ நல்லெண்ணெயிலோ அவை கரைந்துகொண்டால் எச்சிலில் கரைந்து நாக்கைத் தொடுவது குறையும். பாலிலும் மோரிலும் உள்ள கேசீன் புரதம் சிலவற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சுண்டைக்காயைக் கீறி உப்பு போட்ட மோரில் ஊறவைத்துக் காயவைத்தவர்கள் இந்த வேதியியலைப் படித்ததில்லை, ஆனால் உப்பு, மோர், பிறகு பொரிக்க எண்ணெய் என்று மூன்றையும் ஒரே வற்றலில் கொண்டுவந்துவிட்டார்கள். குறை என்னவென்றால் அந்த வற்றலில் இறங்கியிருக்கும் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உயர் ரத்த அழுத்தம் உள்ளவருக்கு வற்றல்குழம்பு கசப்பைத் தணித்த கதை அத்தோடு முடிவதில்லை.

இன்னும் சில கசப்புகள் நாமே வரவழைத்துக்கொள்பவை. சாத்துக்குடியை விதையோடு மிக்ஸியில் அடித்தால் கசக்கும். பிழிந்து வைத்துவிட்டாலும் நேரம் போகப் போக லிமோனின் உண்டாகிக் கசப்பு ஏறும். அதற்குச் சர்க்கரை மருந்தல்ல, உடனே குடித்துவிடுவதே மருந்து. தாளிப்பில் கருகிய வெந்தயத்துக்கும் பரிகாரம் கிடையாது.

இனிப்பால் மறைப்பதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். டெங்கு பரவிய ஆண்டுகளில் அரசே ஊர் ஊராக வழங்கிய நிலவேம்புக் குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்ட்ரோகிராஃபலைட் என்ற சேர்மத்தின் கசப்பு அது, ஒரு கரண்டி தேனுக்கு மசியாது. ஆகவே இரண்டு, மூன்று என்று தேன் ஏறுகிறது, பனங்கற்கண்டு கூடுகிறது. சர்க்கரை நோயாளி பாகற்சாற்றில் தேன் கலந்து குடிக்கும்போது அந்தக் காரியத்தின் நோக்கமே அடிபட்டுப்போகிறது. சித்த மருத்துவத்தில் தேன் ஓர் அனுபானம், மருந்தைக் கொண்டுசேர்க்கும் துணை. அந்தக் கணக்கு வேறு, அளவும் வேறு. ஒரு வயதாகாத குழந்தைக்கோ எந்த மருந்தோடும் தேன் கூடாது, போட்டுலிசம் என்ற நச்சு நோய்க்கு அது வழி. சர்க்கரைக்குப் பதில் ஸ்டீவியா போடலாம் என்றால் அதன் பின்சுவையே கசப்பு.

இதில் வேடிக்கை சிறுகுறிஞ்சான் பொடி. அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கின் இனிப்பு உணர்வையே கொஞ்ச நேரம் அணைத்துவிடும். அதைத் தேனில் குழைத்து நாக்கில் வைத்தால் கசப்பு அப்படியே இருக்கும், தேனின் இனிப்பு மங்கிவிடும், கலோரி மட்டும் உள்ளே போகும். கசாயத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தேவையானால் அதன்பின் ஒரு துண்டு கற்கண்டை வாயில் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல். இனிப்பும் குறைவு, மருந்தின் அளவும் குழம்பாது.

மாத்திரைக் கூட்டில் அடைத்து விற்கும் மூலிகைப் பொடிகள் நாக்கையே தாண்டிப் போகின்றன. கசப்பைத் தவிர்க்க அதைவிட நேர்த்தியான வழி இல்லை. ஆனால் பொடியாகத் தின்றபோது கசப்பே ஒரு வரம்பு போட்டது, அரைக் கரண்டிக்கு மேல் யாராலும் முடியவில்லை. இப்போது எட்டு கூடுகளை விழுங்கினாலும் வாய் எதுவும் சொல்லாது.

நாக்கின் தடையைத் தாண்டுவது எங்கே உயிருக்கே வினையாகும் என்பதைச் சுரைக்காய் காட்டியது. 2010இல் டெல்லியில் ஒருவர் கசந்த சுரைக்காய்ச் சாற்றைப் பாகற்சாற்றோடு கலந்து குடித்து இறந்துபோனார். பாகல் கசப்பது இயல்பு. அதனால் சுரையின் கசப்பு தனியாகத் தெரிய வழியே இல்லாமல் போனது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது, கசக்கும் சுரைச்சாற்றைக் குடிக்கவே வேண்டாம் என்றது. 2015இல் ஜெர்மனியிலும் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசந்த சுக்கினியைச் சமைத்துத் தின்ற முதியவர் ஒருவர் இறந்தார். குக்குர்பிட்டாசின் என்ற இந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது. உப்பு, புளி, தேன், இஞ்சி எதுவும் அதைக் குறைப்பதில்லை, தெரியாமல் மட்டும் ஆக்கும். சுரைக்காய், வெள்ளரிக்காய், பீர்க்கங்காய் எதுவானாலும் ஒரு சிறு துண்டை நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிட வேண்டும். மிக்ஸியில் போட்டு, புதினாவும் எலுமிச்சையும் விழுந்த பிறகு ருசி பார்த்துப் பயனில்லை.