முழுப்பானையும் உடைந்த ஓடும்

‘இது எந்த ஊர்ச் சாமான், எந்தக் காலத்துச் சாமான்?’ பழம்பொருள் சேகரிப்பவர்களின் கேள்வி இந்த இரண்டோடு முடிந்துபோகிறது. தென்கிழக்காசியப் பீங்கான்களைப் பொறுத்தவரை இதற்குப் பதில் சொல்லத் தேர்ந்த கண்கள் உண்டு. தட்டைக் கவிழ்த்து அடியைப் பார்க்கிறார்கள். கருத்த வட்டத் தழும்பு இருந்தால் தாய்லாந்தின் சவன்கலோக் சூளை. குழாய்போன்ற தாங்கியின்மேல் வைத்துச் சுட்ட அடையாளம் அது. உட்புறம் புள்ளித் தழும்புகள் என்றால் சுகோதை. அடியில் சாக்லேட் நிறப் பூச்சு என்றால் பெரும்பாலும் வியட்நாம், 14-லிருந்து 16-ஆம் நூற்றாண்டுக்குள். சந்தேகம் வந்தால் துளிமண்ணைக் குடைந்தெடுத்து, வெப்ப ஒளிர்வு முறையில் கடைசியாகச் சுட்ட காலத்தைக் கணக்கிடுகிறார்கள்.

தேர்ந்த வாசிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் பானையை அது கிடந்த இடத்திலிருந்து பிடுங்கிய பிறகுதான் இந்த வாசிப்பு தொடங்குகிறது. பிரதி கைக்கு வந்துவிட்டது. எங்கிருந்து, யாரால் என்பது அழிந்துவிட்டது.

1984-ஐ ஒட்டித் தாய்லாந்தின் தாக், ஓம்கோய் மலைகளில் ஈமக்குழிகள் தோண்டப்பட்டன. பாங்காக் கடைகளில் பீங்கான்கள் குவிந்தன. பர்மியச் சூளைகளின் வெள்ளை-பச்சைத் தட்டுகளை உலகம் பரவலாக அறிந்ததே அப்போதுதான். அறிவு கிடைத்தது, சரி. அந்த மலைகளில் அவற்றோடு புதைக்கப்பட்டவர்கள் யார் என்பதைச் சொல்லியிருக்கக்கூடிய சாட்சியம் மண்வெட்டியோடு போயிற்று. வியட்நாமின் ஹோய் ஆன் கப்பலில் 1990-களின் இறுதியில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பாண்டங்கள் எடுக்கப்பட்டன. 2000-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஏலம் நடந்தது. அங்கே சரக்கு கிடந்த விதத்தையாவது முதலில் பதிவு செய்தார்கள். ஏலத்தில் சிதறியபிறகும் அதைப்பற்றிப் பேச முடிவது அதனால்தான்.

மூலம் பற்றிய தீர்ப்பு மாறும். அரிக்கமேட்டில் 1945-இல் அகழ்ந்த வீலர், உருளைப் புள்ளி வரிசை கொண்ட ரௌலட் வகைப் பாண்டத்தை மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்காகவோ அதன் நகலாகவோ வாசித்தார். காலனிய அகழாய்வாளருக்கு ரோம் இல்லாமல் காலம் சொல்ல முடியவில்லை. பிறகு அது இந்தியாவிலேயே வனைந்தது என்றானது. கங்கைக் கழிமுக மண் என்றும் 1990-களில் ஒரு கருத்து எழுந்தது. அதே வகை ஓடுகள் பாலித் தீவின் செம்பிரானிலும் கிடைத்தன. ஓட்டின் ‘பிறந்த ஊர்’ இப்படி நகர்ந்துகொண்டே இருந்தது. அரிக்கமேட்டில், செம்பிரானில், எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்ற பதிவு நகரவில்லை. மறுவாசிப்பு சாத்தியமானதே அந்தப் பதிவால்தான்.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு இதில் என்ன வேலை? நம்மூர்க் கல்வட்டங்களில் இருப்பதும் இதே விஷயம். கருப்பு-சிவப்புப் பானை முழுசாகக் கிடைக்கிறது என்றால், பெரும்பாலும் அது புதைகுழிப் பானை. குடியிருப்பு மேட்டில் கிடைப்பது ஓடு. ஆக்கித் தின்று, உடைந்து, வீசிய ஓடு. முழுசுக்கு விலை உண்டு, ஓட்டுக்கு இல்லை. ஆகவே செத்தவர்களின் குழி கலைகிறது, வாழ்ந்தவர்களின் மேடு டிப்பர் லாரியில் ஏறுகிறது. சட்டமும் இதே தராசைத்தான் பிடித்திருக்கிறது: 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதைத்தான் கலெக்டரிடம் சொல்லச் சொல்கிறது. உடைஞ்ச சட்டிக்கு எவன் பத்து ரூபா குடுப்பான்?

நம் ஆட்களும் சேகரிப்பாளரின் கேள்வியைத்தான் கேட்கிறோம். காலத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சொன்ன வையாபுரிப்பிள்ளையைத் திட்டித் தீர்த்தோம். முன்னுக்கு இழுத்துச் சொன்னால் கைதட்டுகிறோம். மேட்டூர்ப் பக்கம் மாங்காட்டு இரும்புக்குக் கி.மு. 1500-ஐ ஒட்டிய காலம் சொன்னபோதும், 2025 ஜனவரியில் ‘இரும்பின் தொன்மை’ வெளிவந்து சிவகளை கி.மு. நான்காம் ஆயிரமாண்டைத் தொட்டபோதும் மேடைகளில் எண்தான் முழங்கிற்று. சிவகளையில் கரித்துண்டும் பானையோடும் இரும்பும் ஒன்றோடொன்று கிடந்த இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. எண் நிற்பது அந்தக் குறிப்பின்மேல். பெருமை வேண்டும், புலம் வேண்டாம் என்றால் எப்படி?

தவிர, ‘தமிழன் வனைந்தான்’ என்கிற வாக்கியத்தில் தமிழன் இருக்கிறான், வனைந்தவன் இல்லை. மண் பிசைந்த குயவரின் பெண்கள் இல்லவே இல்லை. பானையை நாகரிகத்தின் சின்னமாக்கும் கதையாடலில் சக்கரம் சுற்றியவரின் சாதி மட்டும் பேச்சில் வராமல் போவது தற்செயல் அல்ல.

ஆகவே, தொன்மை பேசும் தோழர்களுக்குச் சொல்ல விரும்புவது சாதாரணமான ஒன்று. ஓமலூர்ப் பக்கமோ ராசிபுரம் பக்கமோ, பொக்லைன் காட்டைச் சமன் செய்யும்போது ஓடு தெரிந்தால் பொறுக்கி வீட்டு அலமாரியில் வைக்காதீர்கள். சர்வே எண், ஆழம், பக்கத்தில் எலும்போ சாம்பலோ கசடோ என்ன கிடந்தது என்று எழுதுங்கள், படமெடுங்கள், தொல்லியல் துறைக்கு எழுதிப்போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நூற்றாண்டு என்பதை அப்புறம் யாராவது சொல்லிக்கொள்ளட்டும்.